சபுராளி வீட்டுக்குச் சாப்பாடு கிடையாது

ஐம்பதுகளின் கடைசி அது. பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்த புதிது. மணமேல்குடியிலிருந்து கடலோரமாக நடந்து போனால் வரும் ஒரு சின்ன ஊரில், இரண்டே அறை உள்ள ஆரம்பப் பள்ளியில் நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எத்தனையோ கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டாயிற்று. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துச் சாம்பார் சோற்றைப் பார்த்து நான் பட்ட பொறாமையை வேறு எதைப் பார்த்தும் பட்டதில்லை. சோற்றைப் பார்த்து என்று சொல்வதுகூடப் பூசி மெழுகுவதுதான். அதைச் சாப்பிட்டவளைப் பார்த்துப் பட்ட பொறாமை.

அவள் என் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவளுடைய அப்பா, நாங்கள் அத்தா என்போம், கடலுக்குப் போன இடத்தில் காற்றில் சிக்கித் திரும்பி வரவில்லை. அம்மா மீன் கூடை சுமந்து ஊர் ஊராக விற்பார். அண்ணன் ஒருவர், கூலிக்கு வள்ளம் ஏறுவார். குடிசை வீடு, மழைக்கு ஒழுகும். ஊரில் யாரைக் கேட்டாலும் ஏழை வீடு என்று அந்த வீட்டைத்தான் கை காட்டுவார்கள்.

எங்கள் வீட்டை யாரும் அப்படிக் காட்ட மாட்டார்கள். எங்களுடையது ஓட்டு வீடு. எங்கள் அத்தா சபுராளி. பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பலேறிப் பிழைக்கப் போனவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். போவதைச் 'சபுரு போறது' என்பார்கள். அத்தா முதல் தடவை போய் வந்த பணத்தில் கட்டிய வீடு அது. இரண்டாம் தடவை நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர், முதல் வருடம் ஒழுங்காகப் பணம் அனுப்பினார். அதன் பிறகு கடிதம் மட்டும் வந்தது. அப்புறம் கடிதமும் நின்றுவிட்டது. நான் சொல்லப்போகிற சமயத்தில், தபால்காரர் எங்கள் வாசலில் நின்று ஒன்றரை வருடம் இருக்கும்.

இது எங்கள் வீட்டுக்குள் இருந்த நான்கு பேருக்கு மட்டும்தான் தெரியும். அம்மா, நான், இன்னும் பள்ளிக்கூடம் போகாத என் இரண்டு தம்பிகள். காலையில் ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சிக் கேப்பைக் கூழ். மத்தியானம் ஒன்றும் கிடையாது. ராத்திரி கஞ்சி, அதுவும் எல்லா நாளும் இல்லை. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தென்னங்கீற்று முடைவார். அதைப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி யாருக்கும் தெரியாமல் கொல்லைப்புறமாக வந்து வாங்கிப் போவாள். ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து ஊரார் கூரைக்குக் கீற்று முடைகிறோமே என்று அம்மா ஒரு தடவை தானாகச் சிரித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் எதிரே வருகிறவர்கள் முதலில் கேட்பது 'சாப்பிட்டாச்சா' என்பதுதான். அதற்காகவே அம்மா ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, தேங்காய் எண்ணெய் சீசாவில் விரலைத் தொட்டு எங்கள் உதட்டிலும் வலது கை விரல்களிலும் தடவிவிடுவார். நெய்ச்சோறும் கறியும் தின்றுவிட்டு வருகிற மாதிரி வாய் பளபளவென்று இருக்கும். "யாரு கேட்டாலும் சாப்பிட்டாச்சுன்னு சொல்லணும். மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொல்லக் கூடாது" என்பார். நான் அதில் கெட்டிக்காரி. யாரும் கேட்காதபோதும் ஏப்பம் விட்டுக் காட்டுவேன்.

பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடப் போகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பெரிய வாத்தியார் எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்து ஒரு தாளைப் படித்தார். ஊர்க்காரர்கள் அளந்த அரிசியும் வந்த உதவியும் சேர்ந்து முப்பது பிள்ளைகளுக்குத்தான் காணும். அதனால் யார் யாருக்குச் சாப்பாடு என்று ஊர்க் கமிட்டி முடிவு பண்ணியிருந்தது. நஞ்சை நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடையாது. சபுராளி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அதற்கு மேல் என் காதில் எதுவும் விழவில்லை. முப்பது பெயர்களைப் படித்தபோது நாலாவது பெயர் என் கூட்டாளியுடையது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பிறகு அந்தத் தாளைப் பெரிய வாத்தியாருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டினார்கள். கரும்பலகையைத் துடைக்கப் போகும்போதெல்லாம் அதைப் படிப்பேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. சபுராளி வீடாக இருந்தாலும், ஒரு வருடமாக மணியார்டர் எதுவும் வரவில்லை என்று தபால்காரர் எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று. அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்தில் வீடு வந்ததே தெரியவில்லை. அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா கீற்று முடைந்த கையாலேயே கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"புருசன் காசு அனுப்பலன்னு நானு ஊரைக் கூட்டி எழுதி வாங்கணுமா? இன்னொரு வாட்டி இந்தப் பேச்சை எடுத்தே, நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து கன்னத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டார். நான் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

அதன் பிறகு மத்தியான மணி அடித்தாலே எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிடும். முப்பது பிள்ளைகளும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். என் கூட்டாளியிடம் பீங்கான் பூச்சுப் போட்ட ஒரு வெள்ளைத் தகரத் தட்டு, ஓரத்தில் நீலக் கரை போட்டது. ஒரு இடத்தில் பூச்சு உதிர்ந்து கறுப்பாக இருக்கும். அவள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசைக்குப் போவாள். நான் வீட்டுக்குப் போகிறவள் மாதிரி வாசல் வரை நடந்து, மதிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து ஒரு பூவரச மரத்தடியில் நிற்பேன். அங்கிருந்து சமையல் கொட்டகை நன்றாகத் தெரியும். ஆவி பறக்கச் சோறு, அதன் மேல் ஒரு அகப்பை சாம்பார். பூசணிக்காய்த் துண்டு யாருக்கு எத்தனை விழுகிறது என்று எண்ணுவேன். அவளுக்கு மூன்று விழுந்த நாளில் அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது.

பொறாமை என்றால் சின்னப் பொறாமை இல்லை. அவள் கன்னம் கொஞ்சம் சதை வைத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும் நேரத்தில் அவள் கணக்கை டக்கென்று போட்டுவிடுவாள். வாத்தியார் அவளைத் தட்டிக்கொடுப்பார். அதற்கு முன்னால் கணக்கில் நான்தான் முதல். ஒரு நாள் அவள் கழுவி வெயிலில் வைத்திருந்த தட்டில் ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டேன். அவள் யார் போட்டது என்று கேட்காமல் மறுபடியும் கழுவிக்கொண்டாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவள் ஒரு தடவை பூவரச இலையில் ஒரு உருண்டை சோறு மடித்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். சாம்பார் இலையில் கசிந்து என் பாவாடையில் ஒட்டியது. அந்த வாசனையை இப்போதும் என்னால் சொல்ல முடியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எங்க வீட்டுல இன்னைக்கு மீன் ஆணம். வயிறு முட்டத் தின்னுட்டு வந்துருக்கேன். இந்தச் சோத்தை எங்க வீட்டுக் கோழிகூடத் தொடாது. நாங்க சபுராளி வீடு, தெரியுமுல்ல."

"தெரியும் புள்ள" என்று சொல்லி அவள் இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் எச்சிலை விழுங்கினேன். எங்கள் வீட்டில் அப்போது கோழியே கிடையாது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அவள் வகுப்புக்கு வந்ததும் வராததுமாக என் காதில் வந்து கிசுகிசுத்தாள். அவளுடைய அண்ணனும் சபுரு போய்விட்டாராம். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அம்மாவின் காதில் கிடந்ததையும் அத்தாவின் பழைய வலையையும் விற்றுத்தான் கப்பல் சீட்டு எடுத்தார்களாம்.

"இனிமே நானும் ஒன்ன மாதிரி சபுராளி வீட்டுப் புள்ள" என்றாள். அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்கும் சொல்லிறாதே. வாத்தியாருக்குத் தெரிஞ்சா சாப்பாட்டுல பேரை அடிச்சிருவாங்கன்னு எங்கம்மா சொன்னுச்சு. ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன்" என்றாள்.

நான் சொல்ல மாட்டேன் என்று தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாய்க்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்த எட்டு நாளும் மரத்தடியில் நின்றுகொண்டு ஒரே யோசனைதான். நானும் சபுராளி வீடு, அவளும் சபுராளி வீடு. நான் பட்டினி, அவள் வரிசையில் நிற்கிறாள். இது எந்த ஊர் நியாயம்? அவள் மேல் இருந்த பொறாமைக்கு இப்போது ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. நியாயம் கிடைத்த பிறகு பொறாமையைக் கையில் பிடிக்க முடியாது.

ஒன்பதாம் நாள், ஊரில் யாரோ ஒரு பெரியவர் தன் வீட்டு விசேஷத்துக்காகப் பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் போடச் சொல்லியிருந்தார். காலையிலிருந்தே வெல்லம் காய்ச்சுகிற வாசம் வகுப்புக்குள் வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் ராத்திரி எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மூக்கை உறிஞ்சி, "முந்திரிப்பருப்பு போடுவாகளா புள்ள?" என்று என்னிடம் கேட்டாள். அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. சிலேட்டை எடுத்துக்கொண்டு, கணக்குக் காட்டப் போகிறவள் மாதிரி எழுந்து, நேராகப் பெரிய வாத்தியாரிடம் போனேன்.

"சார், எம் பக்கத்துல உக்காருறவ அண்ணன் சபுரு போயிட்டாரு சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நெசமாவா?" என்றார்.

"எங்க அம்மா மேல சத்தியமா சார். அவளே சொன்னா."

பெரிய வாத்தியார் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டுப் பட்டியலைப் பார்க்கக் கமிட்டிக்காரர்கள் மாதம் ஒரு தடவை வருவார்கள். ஒரு பெயர் தவறாக இருந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். அவர் பெருமூச்சு விட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து பட்டியலை எடுத்து, சிவப்பு மைப் பேனாவால் நாலாவது பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். அடித்தல் திருத்தல் இல்லாமல், அடிக்கோல் வைத்துப் போட்டார். எனக்கு அப்படியே குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லவில்லை, ஒரு நிமிடம் எனக்குப் பசியே தெரியவில்லை.

மணி அடித்தது. பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்றாவது பெயருக்குப் பிறகு ஐந்தாவது பெயர் வந்தது. தலையில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு நின்றவள், இன்னும் கூப்பிடுவார்கள் என்று கடைசி வரைக்கும் நின்றாள். முப்பதாவது பெயரும் முடிந்த பிறகு தட்டைத் தலையிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சமையல்கார அம்மா ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்து வந்தாள். மதிலைச் சுற்றிக்கொண்டு, நான் நிற்கிற பூவரச மரத்துக்கே வந்தாள். நான் அங்கேதான் நிற்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. "எப்புடியோ வாத்தியாருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். மீன் வாங்குகிறவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள், அம்மாவே எங்கேயாவது பெருமைக்குச் சொல்லியிருக்கும் என்று யார் யாரையோ நினைத்துப் பார்த்தாள். என்னை நினைக்கவே இல்லை. நான் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவளாகச் சொன்னாள்: "ஒரு வகையில நல்லதுதான் புள்ள. நீ இங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டு இருக்கையில எனக்குச் சோறு எறங்காது."

"நான் எதுக்குப் பாக்குறேன்? நாந்தான் வீட்டுல தின்னுட்டு வாரேனே" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அடங்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "மீன் தின்ன வாயில மீன் வாசம் அடிக்கும். கறி தின்னா கறி வாசம் அடிக்கும். நாங்க மீன்காரவுக, எங்களுக்குத் தெரியாதா? ஒன் வாயில எந்நாளும் தேங்கா எண்ணெ வாசந்தான் அடிக்குது" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போய்விட்டது. அம்மாவும் நானும் ஊரையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இலையில் சோற்றை மடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கோழிகூடத் தொடாது என்று சொன்னபோதும் தெரிந்துதான் 'தெரியும் புள்ள' என்றிருக்கிறாள். அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும், 'நாந்தான் வாத்தியாருகிட்டச் சொன்னேன்' என்று. சொல்லவில்லை.

அடுத்த நாள் அவள் செய்த காரியத்தை நான் கனவிலும் நினைக்கவில்லை. பெரிய வாத்தியாரிடம் போய் நின்று, "சார், எம் பேரை அடிச்சீகள்ல, அந்த எடத்துல இவ பேரை எழுதுங்க சார்" என்று என்னைக் கை காட்டினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

வாத்தியார், "அவ சபுராளி வீட்டுப் புள்ளையாச்சே" என்றார்.

"சபுராளி வீடுதான் சார். சபுராளி காசு அனுப்பலயே. ஒங்களுக்குப் பின்னால ஒட்டியிருக்கதுல கடைசி வரியப் பாருங்க சார்" என்றாள்.

நான் இருந்த இடத்தில் பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அம்மா என்னை அடிக்கவில்லை. யார் சொன்னது என்று மட்டும் கேட்டார், சொன்னேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் தபால்காரர் எங்கள் தெருவில் போனபோது, கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "தம்பி, அந்தக் கடுதாசிய எழுதிக் குடுத்துருங்க" என்றார். தபால்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எத்தனை நாளாக எதுவும் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாததா? சைக்கிளில் சாய்ந்து நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எண்ணெய் சீசாவை அம்மா எடுக்கவில்லை.

என் பெயர் நாலாவது இடத்தில் ஏறியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி தட்டு இல்லை. இருந்ததெல்லாம் விற்றாயிற்று. என் கூட்டாளி தன் பீங்கான் தட்டை என் கையில் கொடுத்தாள்.

"எனக்கு இப்ப என்னத்துக்கு? தின்னுட்டுக் கழுவி வச்சுக்க" என்றாள்.

வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். பசித்தவளுக்கு வெட்கம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வந்தது. முதல் நாள் இரண்டாவது தடவையும் வாங்கினேன். பூசணிக்காய் இரண்டு துண்டு விழுந்தது. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும்போது, அந்தக் கறுப்பு விழுந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். அப்போதும் எனக்கு அவள் மேல் பொறாமைதான். இவளால் எப்படி இப்படித் தூக்கிக் கொடுக்க முடிகிறது, எனக்கு ஏன் அது வரவில்லை என்று.

அவளுக்கும் சோறு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இரண்டு நாள் இலையில் மடித்துக்கொண்டு போனேன். இரண்டு நாளும் இருவருமாக மரத்தடியில் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் சமையல்கார அம்மா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். நாலாம் நாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கடற்கரையில் கருவாடு காயப்போடுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் இருந்தவரைக்கும் வள்ளக் கூலி வந்துகொண்டிருந்தது. அவர் கப்பலேறியதும் அதுவும் நின்றுவிட்டது. காதில் கிடந்ததும் போய்விட்டது. மத்தியானச் சோறு ஒன்றுதான் அவளைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்திருந்தது. அது எனக்குத் தெரியாதா என்ன?

நான் பார்க்கப் போனபோது அவள் பாயில் காரப்பொடி மீனைப் பரப்பிக்கொண்டே, "ஒரு வருசந்தானே. காசு வராட்டித் தபால்காரருகிட்ட எழுதி வாங்கிக்கிட்டு நானும் வந்துருவேன். ஒனக்கு அப்புடித்தானே குடுத்தாக" என்றாள். எத்தனை மாதம் ஆகியிருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். ஐந்தாவது மாதம் அவள் அண்ணன் ஒரு சின்ன மணியார்டர் அனுப்பினார். அந்தப் பணம் அவர்களுக்குப் பத்து நாள் கூடக் காணவில்லை. ஆனால் அது வந்துவிட்டதால் அவள் மறுபடியும் முதலிலிருந்து ஒரு வருடத்தை எண்ண வேண்டியிருந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அவள் பெரியவளாகிவிட்டாள். அப்புறம் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். நான் அந்தச் சாப்பாட்டின் தயவில் ஐந்தாவதை முடித்தேன். மூன்று வருடம் கழித்து அத்தா ஒரு தகரப் பெட்டியும் இருமலுமாக ஊர் வந்து சேர்ந்தார். அங்கே வைத்திருந்த கடை நொடித்துப்போய் நோயில் கிடந்திருக்கிறார். அது வேறு கதை.

அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் தூரம். நான் அவளை மறுபடி பார்த்தபோது எங்கள் இருவருக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். எங்கள் கல்யாணங்களில் சகன் என்று ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். எங்கள் சகனுக்கு மூன்று பேர்தான் இருந்தோம். நாலாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். கருவாட்டு உப்பில் வெடித்த விரல்கள். அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அந்த வயதிலும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா?

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தன் பக்கம் இருந்த நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பிய்த்து, சோற்றோடு என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"தின்னு புள்ள. தேங்கா எண்ணெ தடவுற காலமெல்லாம் போயிருச்சுல்ல" என்றாள். மற்ற இருவரும் விளங்காமல் எங்களைப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள். நான் அந்தக் கறியை வாயில் போட்டுக்கொண்டேன், அதோடு சொல்ல வந்ததும் உள்ளே போய்விட்டது. நாலு வருடம் முன்னால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

வாத்தியாரிடம் நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் சுவரில் ஒட்டிய தாளிலும் பொய் இல்லை. அவள் அண்ணன் சபுரு போனது நிஜம், சபுராளி வீட்டுக்குச் சாப்பாடு கிடையாது என்பதும் நிஜம். ஆனால் சபுராளி வீட்டு அடுப்பு எப்படிக் கிடக்கும் என்று அந்தப் பள்ளிக்கூடத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், தெரிந்துகொண்டே போய்ச் சொன்னேன் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாயில் வைத்த சோறு ஒரு கணம் தொண்டையில் நின்றுதான் இறங்குகிறது.